பள்ளக் கொல்லைச் சூரியகாந்தி

மாடியில் தொட்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சூரியகாந்தி வாடி நின்றால் ஓடிப்போய்க் குடத்தைக் கவிழ்க்காதீர்கள். முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். ஈரமாக வந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும் தண்ணீர் அதிகமாகி வாடுகிற செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இலை தொங்கும், தலை சாயும். மேலே நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. நைனார்பாளையத்துக்கு வெளியே ஒரு கொல்லையில், ஒரு பனிக்காலம் முழுக்க இருந்து பார்த்தது. அந்த வயதில் நம்மில் பலரும் எங்கேயாவது இப்படித்தான் உட்காரவைக்கப்பட்டிருந்தோம், ஆட்டுக்குக் காவலாக, களத்துக்குக் காவலாக. அதனால் உங்களிடம் சொன்னால் புரியும். என் பிள்ளைகளிடம் ஆரம்பித்தால், எத்தனையோ தடவை சொல்லியாயிற்று என்பார்கள். உண்மையில் அவர்களிடம் ஒரு தடவைகூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தம்பி கைக்குழந்தை, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா, பிள்ளை இல்லாதவள். புறப்படுகிற அன்று காலையில் அம்மா என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

"பெரியப்பா சூரியகாந்தி போடப் போறாராம். அத அறுக்கறப்போ வந்து உன்ன கூட்டினு போயிடறேன். அதுவரைக்கும் அழாத இருக்கணும்."

"எப்ப அறுப்பாங்க?"

"அது வளர்றதுல இருக்குது. சீக்கிரம் வளந்தா சீக்கிரம்."

பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்கிற அவசரத்தில் அம்மா சொன்ன வார்த்தை அது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பயிர் வளர்ந்தால் எனக்கு அம்மா, வளராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் வேறு எந்தப் பிள்ளையும் ஒரு வெள்ளாமையை அப்படிக் கவலைப்பட்டுப் பார்த்திருக்காது.

பெரியப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறருடைய நெல் வயல்களில் கூலிக்கு உழுது, வரப்பு கட்டி, மடை திறந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். சின்னசேலத்தில் கடை வைத்திருந்த ஒரு பாயின் கொல்லையை அந்த ஆண்டு வாரத்துக்குப் பிடித்திருந்தார். விளைவதில் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. சூரியகாந்தி அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. எண்ணெய் எடுக்கிற பூவா என்று ஊரே சிரித்தது. விதையைத் துணிப்பையில் போட்டு பாய்தான் கொண்டுவந்தார். கறுப்பாக, ஒரு பக்கம் கூராக இருந்த அந்த விதையில் ஒன்றை நான் வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன். தோல்தான் மிஞ்சியது.

"விதை குடுத்தவரு பார் புடிச்சுத்தான் ஊனணும்னு சொன்னாரு," என்றார் பாய். "மேட்டுல செடி, பள்ளத்துல தண்ணி. மண்ணுல ஈரம் இருக்கணுமாம், ஆனா தண்ணி நிக்கக் கூடாதாம்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தண்ணி நிக்காத வெள்ளாமை இன்னா வெள்ளாமைங்க பாய்? பாத்தி கட்டிப் பாய்ச்சிக்கிறேன். நீங்க போயி கடையப் பாருங்க."

பாயும் போய்விட்டார். அவருக்குக் கடை தெரியும், மண் தெரியாது. பெரியப்பாவுக்கு நெல் தெரியும். வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால்தான் அவருக்கு ராத்திரி தூக்கம் வரும். சாகிற வரைக்கும் அவர் அப்படித்தான் இருந்தார்.

அந்தக் கொல்லையை இப்போதும் கண்ணை மூடினால் நடந்து பார்த்துவிடுவேன். மேற்கே கல்வராயன் மலை, காலையில் சாம்பலாகவும் மாலையில் கறுப்பாகவும் இருக்கும். மலைப் பக்கம் இருந்த பாதி நிலம் மேடு. சரளை கலந்த செம்மண், வெறுங்காலில் நடந்தால் குத்தும். நடுவில் கிணறு. அங்கிருந்து கிழக்கே ரோட்டை நோக்கி நிலம் சரிந்து ஏரி வாய்க்காலில் முடியும். அந்தச் சரிவுதான் பள்ளக் கொல்லை. கறுத்த களிமண். ஈரமாக இருந்தால் காலை விடாது, காய்ந்தால் பாதம் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இரண்டு மண்ணிலும் ஒரே மாதிரி பாத்தி கட்டி, ஒரே மாதிரி விதை ஊன்றி, ஒரே மாதிரி தண்ணீர் விட்டார் பெரியப்பா.

முளைத்துவிட்டது. செம்மண்ணும் களிமண்ணும் சேருகிற இடத்தில் ஒரு செடியை என் செடி என்று வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் போய் அதன் பக்கத்தில் நிற்பேன். முதலில் என் முட்டி வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும், பிறகு நெஞ்சு வரைக்கும். இலையில் கை பட்டால் சொரசொரவென்று அரிக்கும். தண்டை நசுக்கினால் பிசின் வாசனை வரும். "சீக்கிரம் வளரு" என்று அதனிடம் சொல்வேன். வாய்விட்டுத்தான் சொல்வேன். அந்த ஊரில் எனக்குப் பேச வேறு ஆள் இருக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படிப்பவர்கள், நான் வெளியூர்க்காரி.

மார்கழியில் மொட்டு வைத்தது. தண்ணீருக்கு அந்தச் செடி ஏங்குகிற நேரம் அதுதான். மொட்டு வைக்கும்போதும், பூக்கும்போதும், பால் பிடிக்கும்போதும் மண் காயக் கூடாது. மேட்டில் சரளை மண், விட்ட தண்ணீர் இறங்கிவிடும், செடி தலைநிமிர்ந்து நின்றது. பள்ளத்தில் பட்டப்பகலில் செடிகள் துவண்டு தொங்கின.

"தாகம்," என்றார் பெரியப்பா. மோட்டாரைப் போட்டார். மறுநாளும் துவண்டது. மறுபடியும் மோட்டாரைப் போட்டார். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் ஓடினார். மடை திறந்துவிட்டு வரப்பில் குந்தி, பாத்தி நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும். செடியின் கீழ் இலைகள் மஞ்சளாயின. என் செடியின் கீழ் இலையும் மஞ்சளானது.

அதே நாட்களில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பேன். பெரியம்மா முட்டை அவித்து வைத்தாள், வறுத்த வேர்க்கடலை கொடுத்தாள், தொண்டைக்குள் இறங்கவில்லை. என்னடி ஆச்சு என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பேன். அழக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாளே.

"கெணத்து மேட்டுல எதையோ பார்த்து பயந்துக்கிச்சு," என்று பெரியம்மா முடிவு கட்டினாள்.

ஒரு சாயங்காலம் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு என்னை அழைத்துப்போனாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை நலிந்தால் எல்லோரும் செய்வதுதான் அது. தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் நிற்கிற பிள்ளைகளின் தலையிலும் சொம்புத் தண்ணீரிலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவர் மூச்சிலும் அத்தர் வாசனை, வெற்றிலை வாசனை. நம் பாயும் அதில் ஒருவராக வந்து என் தலையில் கை வைத்து, "சரியாப் போயிடும்மா," என்றார். வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரை மூன்று வேளையும் குடிக்க வைத்தாள் பெரியம்மா. சில்லென்று நன்றாகத்தான் இருந்தது. எனக்குத் தாகமே இல்லை.

பெரியம்மா விவரம் கெட்டவள் இல்லை. பள்ளக் கொல்லையில் தண்ணீர் நின்ற பாத்திக்குள் இறங்கி, வாடின செடி ஒன்றைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். அது முனகாமல் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, தொட்டால் உரிந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ந்தா, இங்க வாய்யா," என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். "மோந்து பாரு. சாக்கடை நாத்தம் அடிக்குது. வேருக்கு மூச்சு வுட வழி இல்லாம அழுவி நிக்குது, நீ மேல மேல ஊத்திக்கினு இருக்கற."

பெரியப்பா வாங்கி முகர்ந்தார். மண்வெட்டியை எடுத்து, பாத்தியை உடைத்து வாய்க்காலுக்கு வடிகால் வெட்ட ஆரம்பித்தார். தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பள்ளத்தில் பாதிக்கு மேல் செடிகள் செத்துப்போயின. விளிம்பில் நின்ற என் செடி பிழைத்துக்கொண்டது.

செடியின் வேரைப் பிடுங்கி முகர்ந்து பார்க்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு என்னை அப்படிப் பார்க்கத் தெரியவில்லை. அப்போது இதெல்லாம் நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

பொங்கல் நெருங்கப் பூத்தது. ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. காலையில் பனி உலர்ந்ததும் பெரியம்மா உள்ளங்கையில் மெல்லிய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவையும் மெதுவாக ஒற்றிக்கொண்டு போவாள். ஒரு பூவின் மகரந்தம் இன்னொன்றில் பட்டால்தான் நடுவில் மணி பிடிக்கும், இல்லையென்றால் பொக்காகிவிடும். குட்டையான பூக்களை நான் ஒற்றுவேன். ஒரு நாள் கை முழுக்க மஞ்சளோடு என் கன்னத்தைத் தடவி, "எம் பொண்ணு," என்றாள். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் அடுத்த பூவுக்குப் போய்விட்டாள்.

மணி பால் பிடித்ததும் கிளிகள் வந்தன. மலைப் பக்கமிருந்து கூட்டமாகக் கத்திக்கொண்டு வரும். கரியாலூர்க் கிளி என்பார் பெரியப்பா. மலையில் அவர் போன ஊர் அது ஒன்றுதான், அதனால் மலையிலிருந்து வருகிற மழை, காற்று, கிளி எல்லாம் அவருக்குக் கரியாலூரிலிருந்துதான் வரும். மேட்டின் மேற்கு ஓரத்தில் எனக்குப் பரண் கட்டிக் கொடுத்தார். பொங்கல் லீவு முழுக்க அதில்தான் இருந்தேன். தட்டுவதற்கு ஒரு பழைய தகர டின், வீசுவதற்குப் பெரியப்பாவின் சாயம்போன துண்டு, தூக்குவாளியில் பழைய சோறு.

சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் என்கிறார்களே, அது மொட்டாக இருக்கும் வரைக்கும்தான். பூத்து மணி பிடித்துவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும், அப்புறம் அசையாது. எங்கள் கொல்லைக்குக் கிழக்கேதான் ரோடு. அத்தனை பூவும் ரோட்டைப் பார்த்து நின்றன. பின்னால் பரண் மேல் இருந்த எனக்கு எல்லாம் முதுகைக் காட்டின. எங்கே பார்த்தாலும் பச்சை முதுகு. அந்தத் தனிமையை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. டின்னைத் தட்டினால் அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும். அதற்காகவே கிளி இல்லாதபோதும் தட்டுவேன்.

பொங்கல் கழிந்த ஒரு நாள் பிற்பகல் கிளிக் கூட்டம் பெரிதாக வந்தது. நான் பரண் மேல் ஏறி நின்று, துண்டை வீசி, கை இரண்டையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் புளிய மரத்தடியில் நீலப் புடவை கட்டிய ஒருத்தி நின்றிருந்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை, பூ பார்க்க வந்தவளாக இருக்கும். அந்த நாட்களில் பேருந்துக்கு நிற்கிறவர்களெல்லாம் பூ பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். கிளிகள் எழும்பி மலைப் பக்கம் போயின. நான் திரும்பியபோது மரத்தடியில் யாரும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் பெரியம்மா எனக்கு ஒரு ஜோடி சிவப்பு ரிப்பன் கொடுத்தாள். சந்தையில் வாங்கினதாகச் சொன்னாள். வழக்கத்துக்கு மாறாக என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ரிப்பனில் பவுடர் வாசனை அடித்தது, தம்பியைக் குளிப்பாட்டினதும் போடுகிற பவுடர். எனக்கு அழுகை முட்டியது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. மறுநாள் ஒரு ரிப்பனை என் செடியின் கழுத்தில் கட்டினேன். அறுப்பில் அது எந்தக் குவியலோடு போனதோ. இன்னொன்றும் எங்கேயோ தொலைந்துவிட்டது.

மாசியில் பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளாக மாறியது. அறுத்து, களத்தில் காயவைத்து, தடியால் அடித்தார்கள். சொன்னபடி அம்மா வந்தாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் வந்து நின்றாள். இந்த நிமிடத்துக்காகத்தான் செடியோடு பேசி, இலை மஞ்சளானால் பயந்து, அத்தனை நாளையும் தள்ளியிருந்தேன். வந்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. தலையை நிமிர்த்தாமல் கையிலிருந்த காய்ந்த பூவையே அடித்துக்கொண்டிருந்தேன். மணி எல்லாம் உதிர்ந்த பிறகும் அடித்தேன். 'வாடி, போலாம்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அப்புறம் எழுந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

"பார்த்தியா, இங்கயே பழகிடுச்சு," என்றாள் பெரியம்மா.

அம்மா தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "இருக்கட்டும்க்கா," என்றாள். "அங்க ஷெட்டுல படுக்கக்கூட எடம் இல்ல. படிப்பும் கெட்டுப் போவும். இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்."

அந்த ஒரு வருஷம் நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நீண்டது. தீபாவளிக்கு வருவார்கள், திருவிழாவுக்கு வருவார்கள், போவார்கள். பெரியம்மா என்னைக் குறையில்லாமல்தான் வளர்த்தாள். கல்யாணத்தையும் அவள்தான் நடத்தினாள். கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் கண்டாயிற்று. அம்மாவிடம் மட்டும் நான் அன்றைக்குக் களத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்துவிட்டேன். அவளும் என்னிடம் ஒரு விருந்தாளியைப் போலத்தான் பேசுவாள்.

போன மாதம் பெரியம்மா போய்விட்டாள். காரியத்துக்கு வந்த அம்மா, அதிசயமாக, என் வீட்டில் சில நாள் தங்கினாள். ஒரு காலையில் நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கப் படியேறி, சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். தொட்டியில் நான் வைத்திருந்த சூரியகாந்தி தலை சாய்ந்திருந்தது.

"வாடிக் கிடக்குதே, தண்ணி ஊத்தறதில்லையா?"

"ஊத்தாதம்மா. முந்தாநாள் மழை தண்ணி இன்னும் வடியல. மண்ணத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா கொல்லையில இது எவ்ளோ அழகா பூத்து நின்னுச்சு," என்றாள்.

"நீ எங்க பூவப் பார்த்த? நீ வந்தப்போதான் எல்லாம் காஞ்சு களத்துல கெடந்துச்சே."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாடிச் சுவருக்கு அப்பால், மலை தெரிகிற பக்கம் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒருவாட்டி வந்தேன்டி. பொங்க கழிஞ்சு. உன்ன ஒரு பார்வ பார்த்துட்டுப் போலாம்னு. அக்காதான், 'புள்ள இப்பதான் நாலு வாய் சோறு துன்னுது, உன்னப் பார்த்தா திரும்ப ஆரம்பிச்சுடும், பார்க்காத போயிடு'ன்னு சொல்லுச்சு. தம்பிய உங்கப்பாகிட்ட வுட்டுட்டு வந்திருந்தேன். ரிப்பன அக்காகிட்ட குடுத்துட்டு, ரோட்டு வரைக்கும் வந்து புளிய மரத்தாண்ட நின்னேன். பூவெல்லாம் மூஞ்சிய தூக்கி என்னையே பார்த்துக்கினு இருந்துச்சு. அதுக்குப் பின்னால நீ பரண் மேல நின்னுக்கினு என்னப் பார்த்து கை ஆட்டின. ரெண்டு கையும் ஆட்டின. புள்ள சந்தோஷமாத்தான் இருக்குதுன்னு மனசு ஆறிப் போச்சு. அழுதுக்கினே பஸ் ஏறினேன்."

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

"கிளி ஓட்டினேன்மா."

"கிளியா?"

"கிளிதான்."

அம்மா இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒரு பக்கம் பெரியம்மா மேல் ஆத்திரம், கோபித்துக்கொள்ள அவள் இல்லை. ஒரு பக்கம் அந்த நீலப் புடவை.

"அப்ப கூட்டினு போவ வந்தப்போ, ஏன்டி திரும்பிக்கூட பார்க்கல? நான் இன்னா நெனைக்கிறது? இங்க நல்லா இருக்குது, எங்கூட வர இஷ்டம் இல்லன்னுதானே?"

"நீ வாடின்னு கூப்பிடுவன்னு உக்காந்திருந்தேன்."

அம்மா சொம்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு செடிக்கென்று கொண்டுவந்த அந்தத் தண்ணீரைத் தானே அண்ணாந்து குடித்தாள். நான் மீதித் துணியை உலர்த்தினேன்.

மறுநாள் தம்பி வந்து அவளை அழைத்துக்கொண்டான். பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். பெங்களூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் நான் கை ஆட்டினேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினாள்.

"இப்ப யாருக்குடி ஆட்டற?" என்று கேட்டாள்.

"உனக்குத்தாம்மா."

காதில் விழுந்ததா தெரியவில்லை. ஹாரன் சத்தம் அப்படி. அதனால் பேருந்து சேலம் ரோட்டில் திரும்புகிற வரைக்கும், பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றேன்.